யூனியன் ஸ்டேஷனில் இருந்து நடந்து போகக்கூடிய அறை

தம்பி, உங்கள் கேள்வியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். சஸ்கட்டூனுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது, ஒக்டோபர் தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியில் நீங்கள் இருவரும் முதல் தடவையாக ரொறன்ரோ பார்க்க வருகிறீர்கள், வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு. டன்டாஸ் வீதி கிழக்கில் 139 டொலருக்கு ஓர் அறை கண்டிருக்கிறீர்கள், எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே என்ன பார்ப்பது, நயாகரா எப்படிப் போவது, தமிழ்ச் சாப்பாடு எங்கே என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அறையைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். நயாகராவும் சிஎன் டவரும் எங்கேயும் ஓடிப் போகாது, வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அறை எடுப்பதில்தான் எங்கள் ஆட்கள் முதல் தடவை வரும்போது அடிபடுகிறார்கள். நானும் அடிபட்டேன்.

முதலில் அந்த 139 டொலர். ரொறன்ரோவில் ஒரு விலாசத்தைக் கண்டால், அது யங் வீதிக்குக் கிழக்கா மேற்கா, இலக்கம் என்ன என்று பாருங்கள். யங் வீதிதான் நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டு இலக்கங்கள் அங்கிருந்து இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டு போகும். டன்டாஸ் கிழக்கு 20 என்றால் யங்கின் பக்கத்தில். 300 என்றால் ஷேர்போர்ன் பக்கம். இரண்டுக்கும் விளம்பரத்தில் 'டவுன்டவுன்' என்றுதான் போடுவார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் ஷேர்போர்னும் டன்டாஸும் சந்திக்கும் சுற்றாடலில் வீடற்றவர்களுக்கான காப்பகங்கள் அருகருகே இருக்கின்றன. போதைக்கு அடிமையாகித் தெருவில் வாழும் மனிதர்கள் நிறையப் பேர். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். மூன்று வருடம் அந்த வீதியால் இரவு வேலை முடிந்து நடந்து வந்திருக்கிறேன், ஒருவரும் என்னைத் தொட்டது கிடையாது. ஆனால் ஊரில் இருந்து வந்து ஒன்பது மாதம் ஆன ஒரு பெண் இரவு ஒன்பது மணிக்கு அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தால், பிறகு இந்த நகரத்தைப் பற்றி வேறு எதுவும் மனதில் நிற்காது. இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று: 'டன்டாஸ் வெஸ்ட் சப்வேக்குப் பக்கம்' என்று யாராவது போட்டிருந்தால் அது டவுன்டவுனே இல்லை. அந்த நிலத்தடி ரயில் ஸ்டேஷன் மேற்கே, ப்ளோர் வீதியில் இருக்கிறது. பெயரில் டன்டாஸ் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

நான் கோடு கீறித் தருகிறேன். தெற்கே ஃப்ரொன்ட் வீதி, வடக்கே ப்ளோர், கிழக்கே சேர்ச், மேற்கே ஸ்பாடைனா. இதற்குள் தேடுங்கள். இதற்குள்ளேயும் யங்குக்கும் யூனிவர்சிட்டி அவனியூவுக்கும் நடுவில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். காரணம் இருக்கிறது. முதலாம் இலக்க சப்வே ஒரு லாடம் போல வளைந்து ஓடுகிறது. யங் வீதிக்குக் கீழே தெற்கே வந்து, நகரத்தின் பிரதான ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷனில் திரும்பி, யூனிவர்சிட்டிக்குக் கீழே வடக்கே போகிறது. அந்த லாடத்துக்குள் எங்கே தங்கினாலும் ஏதாவது ஒரு ஸ்டேஷன் நடை தூரத்தில் இருக்கும். வழி தவறினாலும் மறுபடி பாதையைப் பிடித்துவிடலாம்.

பியர்சன் விமான நிலையத்தில் இருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் யூனியனுக்கு வரும். 2015இல் இருந்து ஓடுகிறது. வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. பெட்டி எடுக்கும் இடத்தைத் தாண்டி வெளியே வரும்போது "டாக்ஸி வேண்டுமா" என்று பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பவர்களோடு போகாதீர்கள், தமிழில் கேட்டாலும் போகாதீர்கள்.

இனிக் காசு. திரையில் 250 டொலர் என்று காட்டும் அறைக்கு நீங்கள் 250 கொடுக்கப் போவதில்லை. எச்எஸ்டி என்கிற விற்பனை வரி 13 சதவீதம். அதற்கு மேல் நகரசபையின் தங்குமிட வரி. 2018இல் 4 சதவீதமாகத் தொடங்கினார்கள், 2023இல் 6 ஆனது, உலகக் கோப்பைக் கால்பந்துச் செலவுக்கு என்று 2025 ஜூனில் இருந்து 2026 ஜூலை முடிவு வரை 8.5 ஆக்கினார்கள். அந்த வரிக்கும் எச்எஸ்டி உண்டு. 6 சதவீதம் என்று வைத்தாலே 250 டொலர் அறை 300ஐத் தொடுகிறது. சில இடங்களில் வேறு பெயரில் இன்னொரு கட்டணமும் சேர்ப்பார்கள். ஆகவே கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். கார் எடுத்து ஓடுவதாக இருந்தால் டவுன்டவுனில் ஓர் இரவு நிறுத்துவதற்கே 50 டொலருக்கு மேல் போகும். மூன்று நாளைக்குக் கார் தேவையே இல்லை. சப்வே 3 டொலர் 30 சதம், தட்டியதில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மாறி மாறி ஏறலாம்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். கிரெடிட் கார்ட். நீங்கள் முன்கூட்டியே முழுப் பணமும் கட்டியிருந்தாலும், ஹோட்டல் மேசையில் இருப்பவர்கள் அட்டையை வாங்கி ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். ஏதும் உடைந்தால் எடுப்பதற்கு. நூறோ இருநூறோ முந்நூறோ, இடத்துக்கு இடம் வேறு. புதிதாக வந்தவர்களின் கார்டில் ஆயிரம் டொலர்தான் எல்லை இருக்கும். அதில் இதுவும் போனால் சாப்பிட அட்டையை நீட்டும்போது மறுத்துவிடும். டெபிட் அட்டை கொடுத்தால் உங்கள் சொந்தக் காசே முடங்கும், திரும்பி வரப் பல நாள் எடுக்கும். அட்டையில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பனின் கார்டில் பதிவு செய்துவிட்டு வந்து நிற்காதீர்கள். போவதற்கு முன் ஹோட்டலுக்கே தொலைபேசி எடுத்து, எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அது அவர்களின் வேலை.

1997 நவம்பரில் எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

நான் 1992இல் மொன்றியலில் வந்து இறங்கியவன். ஐந்து வருடம் கோப்பை கழுவி, பிறகு குசினியில் வெட்டுகிற வேலைக்கு ஏறி, ஒருவாறாக மனைவியைக் கூப்பிட்டேன். அவர் வந்து இரண்டாம் மாதம், ரொறன்ரோவைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். ஐந்து மணித்தியாலம். யூனியன் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் எதிரே றோயல் யோர்க் ஹோட்டல், 1929இல் ரயில் கொம்பனிக்காரர் கட்டியது, பச்சைச் செப்புக் கூரையோடு வெளிச்சத்தில் நிற்கிறது. "இதுதானா எங்கட இடம்?" என்று கேட்டார். இல்லை, கொஞ்சம் நடக்க வேண்டும் என்றேன்.

கொஞ்சம் இல்லை. ஜார்விஸுக்கும் அப்பால். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் பதிந்து வைத்த இடம். வாசலில் இரண்டு பேர் போத்தலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேசையில் இருந்தவர் கிரெடிட் கார்ட் கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இல்லை. சட்டைப் பையில் 400 டொலர் காசு இருந்தது, எண்ணி வைத்தேன். கார்ட் இல்லாமல் திறப்புத் தர மாட்டோம் என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். மனைவி சிவப்புப் பெட்டியைப் பிடித்தபடி கதவோரம் நின்றார். யாரோ கொடுத்த கோட், அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தெருத் தொலைபேசியில் காசு போட்டு, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவனை எடுத்தேன். பார்லிமென்ட் வீதியும் வெல்லஸ்லியும் சேரும் இடத்தில், செயின்ட் ஜேம்ஸ் டவுனில் இருந்தான். அந்த அடுக்குமாடிகளில் அப்போது எங்கள் ஆட்கள் நிறைய. இருபது நிமிடத்தில் நடந்தே வந்து பெட்டியைத் தூக்கினான். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பொடியன்கள். ஓர் அறையை ஒழித்து எங்களுக்குத் தந்துவிட்டு, ஒன்பது பேரும் ஹோலில் வரிசையாகப் படுத்தார்கள். காலையில் இரவு வேலையால் வந்தவன் நித்திரைக்குப் போகாமல் புட்டு அவித்து, சம்பல் இடித்துத் தந்தான். மனைவி இன்றைக்கும் ரொறன்ரோ என்றால் முதலில் அந்தக் குசினியைத்தான் சொல்வார். அதனால்தான் 1999இல் நாங்கள் மொன்றியலை விட்டு அதே கட்டிடத்துக்குக் குடிவந்தோம்.

ஆனால் தம்பி, அப்படி ஒரு வீடு இப்போது யாருக்கும் இல்லை, அதை நம்பி வரவும் கூடாது. இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் வருவதை அறிந்ததும் நகரத்தின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோரும் "எதற்கு ஹோட்டல், வீடு இருக்க" என்பார்கள். அன்பால்தான் கேட்பார்கள். போனால் மூன்று நாளும் வீடு வீடாக விருந்து. கலியாண அல்பம் பார்ப்பீர்கள், யார் எத்தனை சதுர அடியில் வீடு வாங்கினார் என்று கேட்பீர்கள், ஒன்ராறியோ வாவிக்கரையைக் காணாமல் திரும்பிப் போவீர்கள். புதுச் சோடிகளுக்கு இப்படி நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். "டவுன்டவுன் பயங்கரம்" என்று உங்களை வெருட்டுபவர்களிடம், கடைசியாக எப்போது அங்கே போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருபது வருடம் ஸ்காபரோவின் கென்னடி ஸ்டேஷனைத் தாண்டி இந்தப் பக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். இந்த நகரத்தில் வாழ்ந்துகொண்டே இதைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். வந்த புதிதில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஸ்ட்ரீட்கார் எடுத்துக் கடைசித் தரிப்பு வரை போய் இறங்கி, திரும்பி நடந்து பழகியவன் நான். ஒருவரும் கற்றுத் தரவில்லை.

401 நெடுஞ்சாலைப் பக்கம் மலிவாக எடு என்று சொல்வார்கள். இரவு அறையை விட்டு இறங்கினால் அங்கே நடக்க இடமில்லை. மிச்சம் பிடித்த காசு ஊபருக்குப் போகும். கொன்டோ என்கிற அடுக்குமாடி வீட்டில் நாள் வாடகைக்கு எடுப்பதானால், இந்த நகரத்தில் ஒருவர் தான் வசிக்கும் வீட்டை மட்டும்தான் அப்படிக் கொடுக்கலாம், நகரசபைப் பதிவு இலக்கம் விளம்பரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

கிங், ரிச்மண்ட், அடிலெய்ட் வீதிகள் பக்கம் எடுத்தால் வெள்ளி, சனி இரவுகளில் கிளப் சத்தம் இரண்டு மணி தாண்டியும் கேட்கும். உயரத்தில், வீதியைப் பார்க்காத அறை கேளுங்கள். பே வீதியின் வங்கிக் கட்டிடங்களுக்கு நடுவே இருப்பவை வார இறுதியில் அமைதி, விலையும் பெரும்பாலும் இறங்கும். ஆனால் ஞாயிறும் தாங்ஸ்கிவிங் திங்களும் அங்கே தேநீர்க் கடைகள்கூடப் பெரும்பாலும் திறந்திருக்காது. நிலத்துக்குக் கீழே 30 கிலோமீற்றர் நடைபாதை என்று பெருமையாகச் சொல்கிற பாத்தும் அப்போது பாதி மூடித்தான் கிடக்கும். குயின் வீதியும் யங்கும் சந்திக்கிற இடத்தைத் தவிருங்கள். ஒன்ராறியோ லைன் சப்வே வேலைக்காக 2023 மே மாதத்தில் குயின் வீதியை அங்கே மூடினார்கள், பல வருட வேலை. சென்ட் லோரன்ஸ் மார்க்கட் பார்க்க ஆசை என்றால் சனிக்கிழமை போங்கள், திங்கள் பூட்டு.

பதியும்போது இரத்துச் செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள், பத்துப் பதினைந்து டொலர் கூடினாலும். ஒரு பெரிய கட்டில் வேண்டும் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சின்னக் கட்டில் உள்ள அறையைத் தந்துவிடுவார்கள். அறைக்குள் சோறு சமைக்காதீர்கள். சமைத்து, புகை மணி அடித்து, துப்புரவுக்கு என்று நூற்றுக்கணக்கில் தண்டம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களால் அடுத்து வருகிற எங்கள் ஆட்களையும் மேசையில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

ஆக, அந்த 139ஐ விடுங்கள். இரண்டு பேரிடம் மூன்று இரவுக்கு அவ்வளவுதான் காசு இருக்கிறது என்றால், மூன்றை இரண்டாக்கி லாடத்துக்குள் வாருங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். ஞாயிறு மதியம் ஒரு நேரம் மட்டும் எங்களுக்குத் தாருங்கள். ப்ளோரும் யங்கும் சந்திக்கும் ஸ்டேஷனில் இரண்டாம் இலக்க சப்வேயில் கிழக்கே ஏறினால் கடைசி ஸ்டேஷன் கென்னடி. அங்கே காரோடு நிற்பேன். மனைவி புட்டு அவிப்பதாகச் சொல்கிறார், சம்பல் நான் இடிப்பேன். நாலு மணிக்கு உங்கள் ஹோட்டல் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்.