இணைந்த பிரேக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கை லிவரை மட்டும் அழுத்தினாலும் என் வண்டியில் பின்சக்கரமும் பிடிக்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது தேவையா?

பதில்: தேவைதான். ஒரே லிவரோ பெடலோ இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இணைந்த பிரேக். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னே சாய்கிறது. எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ, எடைமையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரம், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.4 மீட்டர், நிற்கும்போது பாரம் சரிபாதி என்று வையுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் 70 சதவீத அளவுக்கு வேகத்தைக் குறைத்தால், 250 × 0.7 × 0.6 ÷ 1.4 = 75 கிலோ முன்சக்கரத்துக்குப் போய்விடும். முன்னே 200, பின்னே 50. நிறுத்தும் வேலையில் ஐந்தில் நான்கு பங்கு முன்சக்கரத்துடையது. பதற்றத்தில் காலை மட்டும் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டியும் நிற்காது. அந்த நொடியில் தேர்ந்த ஓட்டுநரும் கணக்குப் பார்த்துப் பிடிப்பதில்லை; இணைப்பு அந்தப் பங்கீட்டைத் தானே செய்துவிடும்.

1975-ல் வந்த மோட்டோ குஸ்ஸி 850 டி3-யில் பெடலை மிதித்தால் பின் டிஸ்க்கும் முன்னால் உள்ள இரண்டில் ஒன்றும் பிடிக்கும். மற்ற முன் டிஸ்க் கை லிவருக்கு. பெடலில் முன்பிரேக்கும் சேர்ந்திருக்கும் வண்டிகளில் ஒரு எச்சரிக்கை: ஹேண்டிலை முழுக்க ஒடித்து மெதுவாக யூ-டர்ன் அடிக்கும்போது பெடலை வெடுக்கென்று மிதிக்காதீர்கள். முன்சக்கரம் பிடித்து, வண்டி உட்புறம் சாய்ந்துவிடும்.

கேள்வி: ஸ்கூட்டரில் இடது லிவரை அழுத்தினால் பின்பிரேக் மட்டுமே வேலை செய்கிறது. இணைப்பு கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது, அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கும். கேபிள் வகையில், இடது லிவர் இழுக்கும் விசையை ஒரு சிறிய சமன்செய் தகடு இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் பின் டிரம்முக்கும் மறுபங்கை முன்பிரேக்குக்கும் அனுப்புகிறது. முன்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் தடுப்பதால் பின்பிரேக் முதலில் பிடிக்கும், முன்பிரேக் சற்றுத் தாமதமாக வரும். தாமதம் இயல்பு, வராமலே இருந்தால்தான் கோளாறு.

வரிசை மாறாமல் சரிபாருங்கள். முதலில் வலது லிவரின் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் லிவர் சும்மா நகரும் தூரம். அடுத்து இடது லிவரின் விளையாட்டு; பல ஸ்கூட்டர்களில் இது நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. இணைப்புக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் முன்பிரேக் பிடிப்பதற்குள் தகடு தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். இறுக்கமாக இருந்தால் முன்பிரேக் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, ஒருவர் கையால் சுற்ற மற்றவர் இடது லிவரை மெல்ல அழுத்தட்டும். பின்சக்கரம் பிடித்த பிறகு முன்சக்கரமும் நிற்க வேண்டும். டிரம்மில் கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோலில் உள்ள தேய்மான அம்பு எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தால், எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. டிரம்முக்குள் உரசும் ஷூவை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய ஹோண்டா விஎஃப்ஆர்800 பைக் வைத்திருக்கிறேன். சிறிது தூரம் ஓடியதும் பின்பிரேக் பிடித்துக்கொண்டு டிஸ்க் கொதிக்கிறது. பேட் மாற்றியும் தீரவில்லை.

பதில்: இந்த வண்டியில் இடது முன் காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அசையும்படி மாட்டப்பட்டிருக்கிறது. முன்பிரேக் பிடித்ததும் டிஸ்க்கோடு சேர்ந்து அது சற்று மேலேறி, தன்னோடு இணைந்த இரண்டாவது மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் உருளை) அழுத்தும். அந்த அழுத்தம் விகிதம் காக்கும் வால்வு வழியாகப் பின் காலிப்பருக்குப் போகிறது. பின்னால் பிடிக்கிறது என்றால் முன்னாலும் தேட வேண்டும் என்பது இதனால்தான்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டு, இடது காலிப்பரைக் கையால் மேல்நோக்கி அழுத்துங்கள். பின்சக்கரம் பிடிக்க வேண்டும், கையை எடுத்ததும் விட வேண்டும். பிடிக்கவே இல்லையென்றால் காற்று புகுந்திருக்கிறது அல்லது காலிப்பர் அசையும் மூட்டு இறுகியிருக்கிறது. பிடித்து, விடாமல் நின்றால் பின் காலிப்பரின் பிளீடரில் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) குழாய் மாட்டிக் கால் சுற்று திறந்து பாருங்கள். பிளீடர் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக. ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுதலையானால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. அப்படியும் விடாவிட்டால் பின் காலிப்பரின் பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கி நகரும் ஊசியோ துருவேறியிருக்கிறது.

அடைபட்ட அழுத்தமென்றால் முதலில் பெடலின் தள்ளுகம்பிக்கு விளையாட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுத்து இரண்டாவது மாஸ்டர் சிலிண்டர்தான். ஆயில் திரும்பிப் போக அதில் நூல்கனத் துளை ஒன்று உண்டு. பழைய ஆயிலின் கசடு அதை அடைத்தால், சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை; பிரேக் தானே இறுகும், இறுக இறுக இன்னும் சூடேறும். ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளே துருவும் இருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து, சீல், உறை இரண்டையும் புதிதாகப் போடுங்கள். உட்சுவரில் கீறல் இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். இதே பாகத்தால் பின்பிரேக் இழுத்துத் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால்தான், 2011 இறுதியில் கோல்ட் விங் ஜிஎல்1800 வண்டிகளை ஹோண்டா திரும்ப அழைத்தது.

திரும்ப மாட்டிய பின் ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, பொறுமை வேண்டும். கை லிவர் வரிசை தனி, பெடல் வரிசை தனி. பிளீடர்களின் முறை சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதை மாற்றாதீர்கள். பெடல் பஞ்சுபோல் இருந்தால், காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு பலகைத் துண்டைச் செருகி, இரண்டாவது சிலிண்டரின் ஹோஸ் முனை மேலே இருக்கும்படி பிடித்து மறுபடி எடுங்கள். ஊற்ற வேண்டியது டாட் 4 தர பிரேக் ஆயில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதில் ஊற்றவே கூடாது.

கேள்வி: இணைப்பை எடுத்துவிட்டுத் தனித்தனி பிரேக்காக மாற்றலாமா? ஹோஸை அடைத்தால் போதும் என்கிறார்கள்.

பதில்: போதாது, ஆபத்தும்கூட. மேலே சொன்ன விஎஃப்ஆர்800-இன் தொடக்ககால மாடல்களில் முன் காலிப்பர்களுக்குத் தலா மூன்று பிஸ்டன்கள். கை லிவர் தள்ளுவது ஓரத்து இரண்டை மட்டுமே, நடுவில் உள்ளது பெடலுடையது. ஹோஸை அடைத்தால் அந்த நடுப் பிஸ்டன் சும்மா கிடக்கும், முன்பிரேக் பலம் குறையும். முறையாகச் செய்வதென்றால் இரண்டு முன் காலிப்பர்கள், அவற்றைத் தாங்கும் ஃபோர்க் கால்கள், மாஸ்டர் சிலிண்டர்கள், பின் காலிப்பர், எல்லா ஹோஸ்களும் பொருத்தமான அளவில் மாற வேண்டும். இணைப்பைப் பழுதுநீக்கி வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: இணைந்த பிரேக் இருந்தால் ஏபிஎஸ் வேண்டாமா?

பதில்: இரண்டும் வேறு. இணைப்பு விசையைப் பங்கிடும்; சக்கரம் பூட்டிக்கொள்வதை அது உணராது, அதை உணர்ந்து விசையைத் தளர்த்துவது ஏபிஎஸ். ஈரச் சாலையில் முழுவிசையில் அழுத்தினால் இணைந்த பிரேக்கிலும் சக்கரம் வழுக்கும். ஹோண்டாவின் 2009 சிபிஆர்600ஆர்ஆர் வண்டியில் இரண்டையும் மின்னணுவியலால் ஒன்றாக்கிய பிரேக்கும் கிடைத்தது.