வாங்காத கடனுக்கு வரும் வசூல் போன்

கேள்வி: மூன்று மாதமாக ஒரு கடன் ஆப்பிலிருந்து வசூலுக்கு போன் வருகிறது. நான் கடனே வாங்கவில்லை. ராங் நம்பர் என்று விட்டுவிடலாமா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

விடக்கூடாதம்மா. யார் பெயரில் கடன் என்று கேளுங்கள். வேறு பெயரைச் சொன்னால், உங்கள் எண் முன்பு அந்த நபரிடம் இருந்திருக்கலாம். உங்கள் பெயரைச் சொன்னால் பான் எண், பிறந்த தேதி எதையும் அழைத்தவரிடம் உறுதிப்படுத்தாமல் போனை வையுங்கள்.

நம் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் நிறுவனங்கள் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு கடன் அறிக்கை இலவசம். நான்கையும் எடுங்கள். கணக்குப் பட்டியலைவிட முக்கியம் 'விசாரணைகள்' பகுதி. உங்கள் பெயரில் கடன் கேட்டு யாராவது விண்ணப்பித்தாலே அது அங்கே பதிவாகும். கடன் கைமாறும் முன்பே தெரியும் அறிகுறி அது.

தெரியாத கணக்கு இருந்தால் அந்தத் தளத்திலேயே ஆட்சேபம் பதியுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, விண்ணப்ப நகல், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையதல்ல என்பதுதான் உங்கள் வலுவான சாட்சி. சைபர் குற்றத் தளத்தில் புகார் கொடுத்து, அதன் ரசீதையும் இணையுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். இது ரிசர்வ் வங்கி விதி. தொல்லை ஒழியட்டும் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள்.

கேள்வி: காலையிலிருந்து போனில் சிக்னல் இல்லை. மாலைவரை பார்க்கலாமா?
— வாசகர், ஓசூர்

பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் வேலை செய்தால், உங்கள் எண்ணுக்கு யாரோ டூப்ளிகேட் சிம் எடுத்திருக்கலாம். வேறு போனிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து சிம் நிறுவனம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கேள்வி: மாதச் சந்தா கட்டினால் அடையாளத் திருட்டைக் கண்காணிப்போம் என்கிறார்கள். சேரலாமா?
— வாசகர், மதுரை

வேண்டாம். நான் ஓராண்டு கட்டினேன். இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையைத்தான் அழகாக அச்சிட்டு அனுப்பினார்கள்.

கேள்வி: வருமானவரித் தளத்தின் ஏஐஎஸ் அறிக்கையில் (ஆண்டு வருமான, வரி விவரப் பட்டியல்), நான் கேள்விப்படாத நிறுவனம் எனக்குச் சம்பளம் கொடுத்து டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்ததாக இருக்கிறது. ரீஃபண்ட் கேட்கலாமா?
— வாசகி, கோவை

கேட்காதீர்கள். அந்த டிடிஎஸ்ஸைக் கோரினால் அந்தச் சம்பளமும் உங்களுடையதாகிவிடும். ஏஐஎஸ்ஸிலேயே அந்தப் பதிவை மறுத்துக் கருத்துப் பதியுங்கள். அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கும் எழுதுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறாக ஏறியிருந்தால் அவர்களே திருத்துவார்கள். மழுப்பினால் போலீஸ் புகார்தான்.

கேள்வி: பரிசு லிங்க்கில் ஆதார், பான், செல்ஃபி கொடுத்தேன். ஓடிபியும் சொன்னேன். பணம் போகவில்லை. கவலைப்பட வேண்டுமா?
— வாசகர், சேலம்

வேண்டும். கடன் வாங்கத் தேவையான அத்தனையையும் நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்திருக்கும். இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். அடுத்த ஆறு மாதம் கடன் அறிக்கையில் கண் வையுங்கள்.

கேள்வி: எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுப்பதில் ஆபத்து உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

உண்டு. விடுதி, சிம் கடை, வாடகை வீட்டுத் தரகர் என எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தக் காகிதம் எங்கே போகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. கேட்கிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். கொடுத்து ஏமாந்தவர்கள்மீது இல்லை.

ஆதார் தளத்தில் 'மாஸ்க்டு' ஆதாரைப் பதிவிறக்குங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும். நகலின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடுவார்கள். எழுத்து படத்தின்மீதும் எண்ணின்மீதும் ஏற வேண்டும்; முகமும் எண்ணும் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுத்தால், கோப்பு அவர் கணினியில் தங்கிவிடும். அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஏற்கெனவே பல இடங்களில் கொடுத்தவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, தெரியாததை 'என் எண் அல்ல' என்று குறியுங்கள். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் இல்லாதவர்கள், ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.