ஆப்பிரிக்க ஜாஸ், ஆஃப்ரோ பாப் பழைய ரெக்கார்டுகளைச் சேகரிக்க ஆசை. எங்கே தொடங்குவது? நல்ல முதலீடா?

முதலீடா என்று கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் படித்துவிட்டுப் போயிருப்பேன். ஏதோ ஒரு ரெக்கார்டு பெரிய விலைக்குப் போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். விற்றுச் சம்பாதிப்பதுதான் நோக்கம் என்றால் தங்கம் வாங்குங்கள். கீறல் விழுந்தாலும் அதன் எடை குறையாது.

நைரோபியில் ஆறு வருடம் கணக்கு வேலை பார்த்தவன் நான். பெரிய சேகரிப்பாளன் எல்லாம் இல்லை. மொத்தம் 140 சொச்சம் தட்டுகள், அதில் முக்கால்வாசி 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) சின்னத் தட்டுகள். ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வந்து ‘இதெல்லாம் ஒரு கலெக்‌ஷனா’ என்று கேட்க வேண்டாம், நானே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ‘ஜாஸ்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். நான் நம்பினேன். நைரோபியின் கென்யாட்டா மார்க்கெட்டில் ஒரு பக்கம் இறைச்சி சுடும் புகை, இன்னொரு பக்கம் பெண்களுக்கு வரிசையாகத் தலை பின்னும் கடைகள், அதற்கு நடுவே பழைய ரெக்கார்டு விற்கும் இடம். அங்கே லேபிளில் ஷிராட்டி ஜாஸ் என்று பார்த்ததும், சாக்ஸபோனும் பியானோவும் குழையப் போகிறது என்று நூறு ஷில்லிங் கொடுத்து வாங்கி வந்தேன். ஊசியை வைத்தால் கிதார் மழை மாதிரி கொட்டுகிறது! அது பெங்கா. மேற்குக் கென்யாவின் லுவோ மக்களிடம் ந்யாடிடி என்று எட்டு நரம்பு யாழ் ஒன்று உண்டு, அதை மீட்டுகிற விதம் அப்படியே மின்சாரக் கிதாருக்கு ஏறிய இசை. அந்தப் பக்கத்தில் ‘ஜாஸ்’ என்றால் கிதாரும் டிரம்ஸும் வைத்து ஆட்டத்துக்கு வாசிக்கும் குழு, அவ்வளவுதான். நம் ஊரில் ‘மெல்லிசைக் குழு’ என்று பேனர் கட்டுகிற மாதிரி. 1956-ல் கிதார்க்காரர் ஃபிராங்கோ காங்கோவில் நண்பர்களோடு தொடங்கிய ஓகே ஜாஸ், கினியாவின் பெம்பேயா ஜாஸ், எல்லாம் இந்தக் கணக்குதான். அன்று ஏமாந்த மாதிரி இருந்தது, ஆனால் இரண்டாம் வாரமே இன்னும் நாலு தட்டு வாங்க அதே கடைக்குப் போய் நின்றேன்.

இல்லை, எனக்கு நிஜ ஜாஸ்தான் வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவும் எத்தியோப்பியாவும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஜாஸ் எபிஸில்ஸ் குழு 1960-ல் போட்ட எல்பி (பல பாட்டு அடங்கும் பெரிய தட்டு) 500 பிரதிதான் அச்சானது, மூலப் பிரதியைத் தேடி ஆயுளை வீணடிக்காதீர்கள். எத்தியோப்பியாவின் முலாட்டு அஸ்டாட்கே 1972-ல் நியூயார்க்கில் பதிவு செய்த எல்பிக்கு நல்ல மறுபதிப்பு கிடைக்கிறது. மறுபதிப்பு வாங்குகிறவனைக் கேவலமாகப் பார்ப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். காதுக்கு வருடம் தெரியாது.

சின்னத் தட்டுகளில் ஒரு விஷயம். கிழக்கு ஆப்பிரிக்கப் பாட்டுகள் நீளம், ஒரு பக்கத்தில் அடங்காது, அதனால் பகுதி ஒன்று முன்பக்கம், பகுதி இரண்டு பின்பக்கம். முன்பக்கத்தில் பாடகர் கதை சொல்லி முடிப்பார், தட்டைத் திருப்பினால் பேச்சு குறைந்து கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும். ஆடுகிறவர்களுக்கு அதுதானே வேண்டும்! என்னிடம் இருப்பவற்றில் பின்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

தட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயர் இருக்கும் லேபிள்களையும் உற்றுப் பாருங்கள். தேயிலை ஊரான கெரிச்சோவில் சந்தரானா, மொம்பாசாவில் அசானந்த் என்று நம்மவர்கள் பெயராக வரும். அதற்கும் முன்னால், 1928-ல் சான்சிபாரின் பாடகி சிதி பிந்தி சாத் நம் பம்பாய்க்கு வந்துதான் எச்எம்விக்குப் பாடினார்.

இதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு 78 ஆர்பிஎம், அதாவது 45க்கும் முந்தைய காலத்துத் தட்டுகள் மேல் பைத்தியம் பிடித்தது, என் சொந்தச் சோகமும் அங்கேதான். அதே கடைக்காரர், நரைத்த தாடி, எல்லாரும் ‘ம்ஸே’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நாய் படம் போட்ட ஒரு ஸ்வாஹிலித் தட்டை எனக்காகவே எடுத்து வைத்திருந்தார். (சிதி பாடியது இல்லை. இருந்திருந்தால் இன்றுவரை தூங்கியிருக்க மாட்டேன்.) பள்ளம் முழுக்க அழுக்கு. 45களை எல்லாம் மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பழகிய கை, இதையும் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. ஆகா, எவ்வளவு அழுக்கு என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். மூன்றாவது பஞ்சும் கறுப்பு. விளக்கில் காட்டினால் தட்டின் பளபளப்பு போய் ஸ்லேட்டுப் பலகை மாதிரி சாம்பல் பூத்திருந்தது. வந்தது அழுக்கு இல்லை, பாட்டு.

பழைய 78கள் அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது எனக்குத் தெரியாதா? எங்கள் தெரு ஆசாரி அவலரக்கைப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி ஊறவைத்து, துணிப்பந்தில் தொட்டு பீரோவுக்குப் பாலிஷ் போடுவதை லீவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். கரைந்த அரக்கின் அந்த வாசனை இந்தப் பஞ்சிலும் அடித்தது, அப்போதும் மண்டையில் ஏறவில்லை. ம்ஸேவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சினா மகோசா, ரஃபிகி” என்று சிரித்தார். ‘என்மேல் தப்பில்லை, நண்பா’ என்று அர்த்தம், லே வான்யிகா குழுவின் புகழ்பெற்ற பாட்டின் பெயரும் அதுதான். ஈரத்துணியும் ஒரு சொட்டு சோப்பும் போதும், லேபிள் நனையக்கூடாது என்று அன்றைக்குத்தான் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். இங்கே வேறு தொல்லை. ராத்திரி எட்டரைக்கு ஒரே ஒரு பாட்டு போட்டால் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ‘சிலர் சத்தமாக இசை வைக்கிறார்கள்’ என்று பொதுவாக ஒரு செய்தி வரும். எழுதுகிறவர் போன வருடம் மூன்று மாதம் டைல்ஸ் வெட்டியவர். மத்தியானம் தூங்கும் என் அம்மா அந்த மூன்று மாதமும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு யாராவது செய்தி போட்டார்களா? சரி, உங்கள் கேள்வியில் இது இல்லை.

தொடங்க ஒரு பத்து கென்யா 45 போதும். 78 இப்போதைக்கு வேண்டாம், அதற்கு ஊசியே வேறு, அகலமானது. வாங்கியதை நிற்க வைத்து அடுக்குங்கள், நம் வெயிலில் படுக்கப் போட்டால் அப்பளமாகிவிடும். ஆன்லைனில் விற்பவர் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தால், தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படம் கேளுங்கள். நேரில் வாங்கினால் முன்பக்கத்தைப் போட்டுக் காட்டுவார்கள். பின்பக்கத்தைப் போடச் சொல்லுங்கள்.