பேபி கரியரை முன்பக்கமிருந்து முதுகுக்கு மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, நிறை ஏழரைக் கிலோ. கல்முனையில் ஒரு கடையில் வாங்கிய பேபி கரியரில் இதுவரை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்கி வந்தேன். இப்போது பாரம் கூடித் தோள் வலிக்கிறது. பிள்ளை முன்னால் இருப்பதால் படியில் கால் வைக்கும் இடமும் தெரிவதில்லை. பெட்டியில் "ஆறு விதமாகச் சுமக்கலாம்" என்று போட்டிருக்கிறது. ஆனால் முதுகில் சுமக்கும் படம் இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "திருப்பிப் போட்டால் முதுகிலும் சுமக்கலாம், தங்கச்சி" என்கிறார். அப்படிச் செய்யலாமா? (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்)

பதில்: பெட்டியிலோ கையேட்டிலோ முதுகில் சுமக்கும் படம் இல்லையென்றால், அந்தக் கரியரை முதுகுக்கு மாற்றவே வேண்டாம். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கூற வரவில்லை; அவர் பல வகைக் கரியர்களை விற்பவர், அவற்றுள் சிலவற்றுக்கு அவர் சொன்னது பொருந்தவும் கூடும். உங்களுடையதற்குப் பொருந்துமா என்பதை அதன் அமைப்பைப் பார்த்து நீங்களே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

கரியரைக் கட்டிலில் விரித்து, தோள்பட்டிகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். இரண்டு தோள்பட்டிகளும் முதுகுப் பக்கத்தில் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டுத் தனியொரு பட்டிக்கூடாக அமைந்து, பிள்ளை அமரும் துணிப்பகுதி அதன் முன்னால் கிளிப்புகளால் மாட்டப்படுவதாயின், அது முன்பக்கத்திற்கென்றே செய்யப்பட்டது. அதைத் திருப்பிப் போட்டால் குறுக்குப் பட்டி உங்கள் கழுத்தடியை அழுத்தும். பிள்ளையின் பாரம் முழுவதையும் தாங்கும் கிளிப்புகள் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத பின்புறத்துக்குப் போய்விடும். அவற்றில் ஒன்று சரியாகப் பூட்டுப்படாமல் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மாறாக, அகலமான இடுப்புப் பெல்ட், அதிலிருந்து மேலெழும் ஒரே துணிப்பகுதி, அதன் மேல் மூலைகளிலிருந்து புறப்படும் இரு தோள்பட்டிகள், அந்தப் பட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறிய குறுக்குப் பட்டி என்று இருந்தால், அது முதுகிலும் சுமக்கத்தக்க வகையாக இருக்கக்கூடும். அப்போதும் கையேடு அனுமதித்தால் மட்டுமே மாற்றலாம். இடுப்பில் கட்டை போன்ற இருக்கை வைத்த வகைகளில் பல, முன்பக்கத்துக்கும் பக்கவாட்டு இடுப்புக்கும் மட்டும் உரியவை.

"ஆறு விதம்" என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கைக் கட்டையோடு ஒன்று, கட்டை இல்லாமல் ஒன்று என ஒரே நிலையை இரண்டாக எண்ணிக் கணக்கைக் கூட்டிய பெட்டிகளும் கடைகளில் உண்டு. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தப்போவது ஒரு நிலையைத்தான், அதிகம் போனால் இரண்டை. அந்த இரண்டும் அதில் ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே வாங்குபவருக்குப் பயன்படும் கேள்வி.

வயதைப் பொறுத்தவரை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வரம்பை வைப்பதில்லை. எர்கோபேபி நிறுவனத்தின் ஓம்னி 360 என்ற கரியரில் 6 மாதத்திலிருந்து முதுகில் சுமக்கலாம். பேபிபியோர்ன் நிறுவனத்தின் பேபி கரியர் வன் என்பதில் 12 மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். முன்னதன் நிறை எல்லை 20.4 கிலோ, பின்னதன் எல்லை 15 கிலோ. இரண்டும் பேர்பெற்ற பொருட்கள். அமைப்பு வேறாக இருப்பதால் வரம்பும் வேறாக இருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஆறு மாதத்தில் முதுகில் சுமந்தார்கள் என்பது உங்கள் கரியருக்கு அளவுகோல் ஆகாது. கையேட்டு வயது நிறைந்திருந்தாலும், பிள்ளை தலையை உறுதியாக நிறுத்தவும் பிடியில்லாமல் உட்காரவும் வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையாயினும், இடுப்பு மூட்டுக்குச் சிகிச்சை பெறும் பிள்ளையாயினும், கிளினிக்கில் வைத்தியரைக் கேட்ட பின்னரே மாற்றுங்கள்.

இவ்வளவு பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு குழந்தையின் நாடி நெஞ்சில் படிந்தால் மூச்சுப் பாதை மடங்கிவிடும். அழுது காட்டவும் அதனால் முடியாது. அமெரிக்காவின் பாவனைப் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில், தோளில் தொங்கவிடும் துணித் தூளிகளோடு தொடர்புடைய குறைந்தது 14 குழந்தை மரணங்களைக் குறிப்பிட்டது. அவற்றில் 12 குழந்தைகள் 4 மாதத்துக்கும் குறைந்தவர்கள். அவை பெல்ட் வைத்த கரியர்கள் அல்ல. ஆயினும் ஆபத்தின் தன்மை ஒன்றுதான், முதுகில் இருக்கும் பிள்ளையின் முகமோ உங்கள் பார்வையில் இல்லை.

உங்கள் தோள் வலிக்கு வேறு மருந்து இருக்கக்கூடும். கரியரில் இடுப்புப் பெல்ட் இருந்தால், அது தொடைக்குச் சரிந்து கிடக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் பெல்ட்டை முதலில் இறுக்கி, அதன் பின்னரே தோள்பட்டிகளை இழுத்தால், பாரத்தின் பெரும் பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். இடுப்புப் பெல்ட்டே இல்லாத வகையாயின், ஏழரைக் கிலோவுக்குத் தோள் வலிக்காமல் இராது. இன்னொன்று வாங்குவதாயின் முதுகிலும் சுமக்கத்தக்கதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கத்தாரிலிருந்து என் தங்கை அனுப்பிய கரியரில் முன், பக்கம், முதுகு ஆகிய மூன்று படங்களும் உள்ளன. பையனுக்குப் பதினொரு மாதம், நன்றாக உட்காருகிறான். என் மனைவி வீட்டில் தனியாக இருக்கும்போது, பிள்ளையை இறக்காமலே முன்னிருந்து முதுகுக்கு மாற்ற முடியுமா? அவர் வெளியே போகும்போது அபாயா அணிபவர். (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தந்தை)

பதில்: முடியும், ஆனால் தொடக்கத்திலேயே தனியாகச் செய்யக் கூடாது. கையேட்டில் முதுகுக்கு 12 மாதம் என்று இருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். 6 மாதம் என்றிருந்தால் இப்போதே பழகலாம். முதலில் பிள்ளையில்லாமல், அரிசிப் பை ஒன்றை வைத்துப் பழகட்டும். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, கட்டிலோரத்தில் அமர்ந்தபடி, பிள்ளை பசியும் நித்திரையும் இல்லாமல் இருக்கும்போது செய்வதே நல்லது. அழுது வளையும் பிள்ளையை முதுகுக்கு மாற்றுவது பழகியவருக்கும் கடினம்.

மாற்றத் தொடங்குமுன் மூன்று காரியங்களைச் சரிபார்க்க வேண்டும். பிள்ளை வெளியே பார்த்தபடி இருந்தால் உள்ளே பார்க்கத் திருப்ப வேண்டும். முதுகில் சுமக்கும்போது பிள்ளையின் நெஞ்சு எப்போதும் சுமப்பவரின் முதுகை நோக்கியே இருக்கும். இருக்கையின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால், அகலமான நிலையில் வைக்க வேண்டும். தோள்பட்டிகளை முதுகில் குறுக்காகப் போட்டிருந்தால் அவற்றை நேராக்க வேண்டும்; முதுகுச் சுமையில் அவை பள்ளிப் பை போல இரு தோளிலும் நேராக விழும்.

உதவியாளர் இருக்கும்போது எளிய முறை, பிள்ளையை இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான். பெல்ட்டின் கிளிப் வயிற்றுப் பக்கம் வர, துணிப்பகுதி பின்னால் தொங்கும்படி உங்கள் மனைவி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும். நீங்கள் பையனைத் தூக்கி, கால்கள் இருபுறமும் விழ, அவர் முதுகின் மேற்பகுதியில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, துணியை மேலே இழுத்து மூட வேண்டும். அவர் கைகளைத் தோள்பட்டிகளில் நுழைத்து, நெஞ்சுக் குறுக்குப் பட்டியைப் பூட்டி, எல்லாவற்றையும் இறுக்கி முடித்த பிறகுதான் உங்கள் கை பிள்ளையை விட்டு அகலலாம்.

இது கைவந்த பிறகு, இறக்காமல் மாற்றும் முறையைப் பழகலாம். முன்னால் சுமக்கும்போது பிடரிக்குக் கீழே இருக்கும் குறுக்குப் பட்டியை முதலில் கழற்ற வேண்டும். பெல்ட்டைச் சற்றே தளர்த்தலாம். ஆனால் கிளிப்பை எந்தக் கட்டத்திலும் அவிழ்க்கக் கூடாது. ஒரு கை பிள்ளையின் முதுகைத் துணியோடு சேர்த்து அணைத்திருக்க, மற்றக் கையைத் தோள்பட்டியிலிருந்து எடுத்து, பிள்ளையையும் பெல்ட்டையும் ஒருங்கே அந்தப் பக்க இடுப்புக்கு நகர்த்த வேண்டும். பிள்ளை ஒக்கலில் வந்து நிற்கும் இந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு முன்னால் சாய்ந்து, அந்தக் கையைப் பிள்ளையின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்தபடி, அக்குளுக்குக் கீழாகப் பிள்ளையை முதுகுக்கு நகர்த்தி, இரு தோள்பட்டிகளையும் போட்டு, குறுக்குப் பட்டியை நெஞ்சில் பூட்டி, பெல்ட்டை மீண்டும் இறுக்க வேண்டும். எங்கு பிழைக்கும் என்றால், பெரும்பாலும் பெல்ட்டை அதிகம் தளர்த்துவதில்தான். தளர்ந்த பெல்ட்டோடு பிள்ளையும் கீழே சரிந்து, பிட்டத்தோடு தொங்கும் நிலைக்கு வந்துவிடும். அப்படி நேர்ந்தால் அவசரப்பட்டு மேலே இழுக்காமல், கட்டிலில் அமர்ந்து, பிள்ளையை இறக்கித் திரும்பத் தொடங்குவதே முறை.

முடிந்ததும் பார்க்க வேண்டியவை: பிள்ளையின் முழங்கால்கள் பிட்டத்தை விடச் சற்று உயர்ந்து, துணி இரு தொடைகளையும் முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டும், இடுப்பு மூட்டுக்கு நல்லதென்று சர்வதேச இடுப்பு மூட்டுப் பிறழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் நிலையும் இதுவே. மூக்கு முதுகில் அழுந்தாமல் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரு விரல் இடைவெளி வேண்டும், குறுக்குப் பட்டி அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். தனியாக இருப்பவர் முன்கமராவைத் தூக்கிப் பிடித்தோ, நிலைக்கண்ணாடியில் பக்கவாட்டாக நின்றோ இதைப் பார்க்கலாம். பிள்ளை உறங்கிவிட்டால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

அபாயாவுக்கு மேலேதான் கரியர் வரவேண்டும். ஆனால் வழுக்கும் துணியில் பெல்ட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆகவே வெளியே கிளம்புமுன் வீட்டுக்குள் சிறிது நேரம் நடந்து, மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்லது. தலைத்துணியின் தொங்கலையும், சேலையாயின் முந்தானையையும், பிள்ளையின் முகத்தில் விழாதபடி முன்னால் செருகிக்கொள்ள வேண்டும்.

முதுகில் பிள்ளை இருக்கும்போது உங்கள் உடம்பின் அளவே மாறிவிடுகிறது. தாழ்ந்த நிலைப்படியில் குனியாமல் நுழைந்தால் அடி படுவது பிள்ளையின் தலையில்தான். கடையில் அலுமாரிக்குப் பக்கமாகத் திரும்பினால் போத்தலைப் பிடித்து இழுப்பதும் அந்தச் சிறு கைதான். கீழே எதையும் எடுப்பதாயின் முழங்காலை மடித்து இருந்து எடுக்க வேண்டும். அடுப்படி வேலைக்கென்றே முதுகுக்கு மாற்றுபவர்கள் பலர். கொதிக்கும் எண்ணெயும் தேநீரும் உள்ள இடத்தில் எந்தப் பக்கத்திலும் கரியரில் பிள்ளை வேண்டாம் என்பதே என் கருத்து, தயாரிப்பாளர்களும் அதைத்தான் எச்சரிக்கிறார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் கூடுவது போன்ற நெரிசலிலும், பிள்ளை முன்னால் இருப்பதே நல்லது.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரியர் துணியே பிள்ளைக்கு ஒரு சட்டைக்குச் சமம். அதற்குள் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். பிடரியில் கைவைத்துப் பார்த்து வியர்த்திருந்தால், நிழலில் இறக்கி ஆறவிடுங்கள்.

கேள்வி: பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டலாமா? பின்னால் இருப்பவர் கட்டிக்கொண்டால் சரியா? (வாழைச்சேனை)

பதில்: இரண்டும் கூடாது. கரியர் நடந்து செல்பவருக்காகச் செய்யப்பட்டது. அது பிள்ளையை உங்களோடு சேர்த்து வைத்திருக்குமே தவிர, விழும்போது காப்பாற்றாது. முதுகில் இருந்தால், மல்லாந்து விழும்போது உங்கள் முழு நிறையும் பிள்ளைக்கு மேலேயே வரும். சைக்கிளுக்கும் இதே பதில்தான். ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அமருமுன் பிள்ளையை முதுகிலிருந்து இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சாய்மானத்துக்கும் உங்கள் முதுகுக்கும் இடையில் பிள்ளை நசுங்கும். காரில் பிள்ளைக்குரிய இருக்கையின் இடத்தைக் கரியர் நிரப்பாது.

கேள்வி: முதுகில் சுமக்கும் படத்தைப் பார்த்து இணையவழிக் கடையொன்றில் வாங்கினேன். வந்தது முன்பக்கக் கரியர். கையேடும் இல்லை, இறக்குமதியாளர் பெயரும் இல்லை. விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்? (மட்டக்களப்பு நகர்)

பதில்: படத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்றால், "திருப்பி எடுப்பதில்லை" என்ற வாசகம் அவர்களைக் காப்பாற்றாது. விவரணத்தைப் பார்த்து வாங்கிய பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. பொருளைப் பற்றிப் பொய்யாகக் காட்டுவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடுக்கிறது. விசாரித்த பின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு வழங்கவோ அந்தச் சபை கட்டளையிடலாம்.

காலத்தைக் கடத்த வேண்டாம்: முறைப்பாடு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். கச்சேரியில் உள்ள மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். விளம்பரப் படத்தையும் விலையையும் விற்பனையாளர் பெயரையும் இப்போதே திரைப்பிடிப்பாக எடுத்துவிடுங்கள். முறைப்பாடு என்று கேள்விப்பட்டதும் விளம்பரத்தை அழித்துவிடுபவர்கள் உண்டு. பணம் கட்டிய பற்றுச்சீட்டு, பார்சலில் ஒட்டியிருந்த தாள், அவர்களோடு பரிமாறிய செய்திகள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது, துணியிலேயே தைத்த லேபலில் நிறை எல்லையும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 13209-2 அல்லது அமெரிக்கத் தரமான எஃப்2236 குறிக்கப்பட்டிருந்தால் நல்லது. ஆனால் அச்சிட்ட இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். பேர்பெற்ற கரியர்களுக்குப் போலிகள் உண்டு. எர்கோபேபி நிறுவனமே தன் பெயரில் விற்கும் போலிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய கரியர் கிடைத்தால் கிளிப்பின் பற்களில் வெடிப்பையும், தோள்பட்டி துணியோடு சேரும் மூலையில் நூல் பிரிந்திருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இப்போது கையில் உள்ளதை, முறைப்பாட்டுக்கு முடிவு வரும்வரை பிள்ளைக்குப் போடாமல், லேபலை வெட்டாமல், துவைக்காமல், வந்த பெட்டியோடு அப்படியே வைத்திருங்கள்.