கருப்பொருளையும் மொழியையும் எப்படி இணைப்பது?

வணக்கம். மருத்துவர் ஜெக்கில், ஹைட் என்ற கொடியவனாக உருமாறும் கதையைச் சொல்லும், 1886-இல் வெளிவந்த ஆர். எல். ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் குறுநாவலைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இரட்டை இயல்பு என்ற கருப்பொருளும் மொழி உத்திகளும் ஒட்டாமல் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். உத்திகளைப் பட்டியலிடுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் ஜெக்கில் தம் வாக்குமூலத்தை 'நான்' என்றே தொடங்குகிறார். ஆனால் ஹைட்டின் செயல்களை விவரிக்கும் ஓரிடத்தில் 'அவன்' என்று மாறி, 'நான்' என்று தம்மால் சொல்ல முடியவில்லை என ஒப்புக்கொள்கிறார். பிளவுபட்ட மனம் அங்கே இலக்கணத்திலேயே உடைகிறது. என்னை மிகவும் உலுக்கிய இடம் அது. கருப்பொருளை அந்த வரியிலிருந்தே எழுப்புங்கள்.

முதல் அத்தியாயத்தில் ஹைட் நுழையும், அழைப்பு மணிகூட இல்லாத, கொப்புளம் கிளம்பிக் கறைபடிந்த கதவையும் பாருங்கள்: மதிப்புமிக்க மருத்துவரின் வீட்டுக்கே அது பின்வாசல்.