கார்டினல் குருவி எங்க போச்சு? (வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம். இங்க மொரீஷியஸ்ல, ரோஸ் ஹில்ல எங்க வீட்டுப் பின்பக்கம் மாமரத்துல ஒரு தட்டு கட்டி அரிசியும் பிரெட்டும் போடுறேன். டிசம்பர்ல செக்கச்செவேல்னு நாலஞ்சு குருவி வந்துச்சு, இப்ப மே மாசம், ஒண்ணையும் காணோம், வெறும் பழுப்புக் குருவிங்கதான் வருது. அதெல்லாம் எங்க போச்சு? அது நம்ம தீவுல மட்டும் இருக்குற அபூர்வக் குருவியா?
(ஒரு வாசகி)

அன்புத் தங்கச்சிக்கு,

எங்கயும் போகலம்மா, அந்தப் பழுப்புக் கூட்டத்துலயேதான் இருக்கு. இங்க கார்டினல்னு சொல்ற இந்தக் குருவி மடகாஸ்கர்ல இருந்து வந்தது, கூடு கட்டுற வெயில் காலத்துல ஆண் மட்டும் சிவக்கும், சீசன் முடிஞ்சா இறகு உதிர்ந்து பொட்டை மாதிரியே ஆயிடும். அக்டோபர் வாக்குல உத்துப் பாருங்க, பழுப்புக்கு நடுவுல குங்குமம் சிந்தினாப்ல திட்டுத் திட்டா சிவப்பு வரும், எனக்கு முழுச் சிவப்பை விட அந்த அரைகுறை அழகுதான் பிடிக்கும்.

தீவோட சொந்தக் குருவி வேற, அது சிவந்தாலும் தலை, கழுத்து, மேல்நெஞ்சோட சரி. அதைப் பாக்கணும்னா மாய்பூர் பக்கம் ஈல்-ஓ-செக்ரெத் தீவுக்குப் போங்க, கண்டிப்பா ஒரு தடவை போங்க.

பிரெட்டை நிறுத்திடுங்க, அரிசி, தினை போதும், செரின்னு சொல்ற மஞ்சள் குருவியும் வரும். பழம் வேணாம்னுதான் சொல்வேன், அது கொண்டைக்குருவியைக் கூப்பிட்டுக்கிட்டு வரும். 1892ல இங்க வந்த கொண்டைக்குருவி, நீலகிரியில பாக்குற அதே சிவப்பு மீசைக் குருவிதான், பாட்டு என்னமோ இனிமை, ஆனா களைச்செடிப் பழத்தைத் தின்னு விதையைக் காடு பூரா எச்சத்துல போட்டுடுது.

இதை விட முக்கியம் தட்டைக் கழுவுறது. நம்ம பிங்க் புறா 1990ல காட்டுல 10 கிட்டதான் மிஞ்சியிருந்துச்சு, எவ்வளவோ பாடுபட்டு நூத்துக்கணக்குல கொண்டு வந்திருக்காங்க, அதோட குஞ்சுங்களை இன்னிக்கும் கொல்றது தொண்டையில புண்ணு வர்ற ஒரு கிருமி. மத்த புறாங்க கொத்தின தீனியிலயும் குடிச்ச தண்ணியிலயும்தான் அது பரவுது. உங்க தட்டுக்கும் புறா வருமே! அதனால மத்தியானத்துக்குள்ள தின்னு தீர்க்குற அளவு மட்டும் போடுங்க, நனைஞ்ச மிச்சத்தைக் கொட்டிட்டு கொதிக்கிற தண்ணியில கழுவி வெயில்ல காய வைங்க, குடிக்கிற தண்ணியைத் தினமும் மாத்துங்க. பக்கத்துல பூனை இருந்தா தட்டை இன்னும் கொஞ்சம் மேல கட்டிடுங்க.