முதல் பவளத் தொட்டி: கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்

பல வருஷமா உப்புத் தண்ணியோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். தண்ணி, கல், குழாய், பவளம் பத்தி எது வேணா கேளுங்க. மீனுக்கு வர்ற வியாதி என் பக்கம் இல்லை.

கே: சின்னத் தொட்டியில பழகிட்டு அப்புறம் பெருசுக்குப் போலாம்னு இருக்கேன். 40 லிட்டர் போதுமா அக்கா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க. நடக்கிறது தலைகீழ். தண்ணி கொஞ்சமா இருந்தா, செய்யற தப்பு பெருசாத் தெரியும். ஒரு நத்தை கல்லுக்குப் பின்னாடி செத்துக் கிடந்தாக்கூட 40 லிட்டர் கலங்கிடும். ஆவியாகிறதை எடுத்துக்கோங்க. போறது தண்ணி மட்டும், உப்பு அங்கேயேதான் நிக்கும். 40ல மூணு லிட்டர் குறைஞ்சா, லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு கிட்டத்தட்ட 38 ஆயிடும். அதனால குறைஞ்ச அளவுக்கு உப்பு கலக்காத சுத்தத் தண்ணிதான் ஊத்தணும். இதை இன்னைக்கு முடியறதுக்குள்ள இன்னொருத்தர் கேட்பார், பாருங்க.

இடம் இருந்தா 150லிருந்து 200 லிட்டர் வைங்க. ஆனா 200 லிட்டர்னா தண்ணி மட்டுமே 200 கிலோ. கல், கண்ணாடி, ஸ்டாண்டு, சம்ப் (பெரிய தொட்டிக்குக் கீழே வைக்கிற துணைத் தொட்டி) எல்லாம் சேர்ந்தா 300ஐத் தாண்டும். சுவரோரமா, மட்டம் பார்த்து வைங்க. நிரப்பின பிறகு நகர்த்த முடியாது.

கே: என்னென்ன வாங்கணும்? லைட் பார்த்து வச்சிருக்கேன்.

லைட்டைக் கடைசியா வாங்குங்க. முதல்ல தண்ணி. தண்ணியில கரைஞ்சதை எல்லாம் நீக்கற ஆர்ஓ டிஐ ஃபில்டர் போட்டு, கரைஞ்சதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 0 காட்டணும். அடுத்தது உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர். அதை வெறும் தண்ணியில சரிபார்க்காதீங்க, 35க்குன்னு விக்கிற அளவுக் கரைசல்ல சரிபாருங்க. ஹீட்டர் பெருசா ஒண்ணு வேண்டாம், சின்னதா ரெண்டு, கூடவே சூடு ஏறினா ஹீட்டரை அணைக்க தனியா ஒரு கன்ட்ரோலர். என் முதல் தொட்டியில ஒரே ஹீட்டர், அணையாம மாட்டிக்கிச்சு. காலையில 33 டிகிரி. அன்னைக்கு அடிச்ச வாடை இன்னும் மூக்குல இருக்கு.

சம்ப் வைக்கிறவங்க பம்ப் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. மீன் விடறதுக்கு முன்னாடியே. கரண்ட் போனா, சம்ப்லிருந்து தொட்டிக்குத் தண்ணி ஏத்துற ரிட்டர்ன் குழாய் சைஃபன் மாதிரி தொட்டித் தண்ணியை சம்ப்புக்கு இழுக்கும். குழாயோட வாய் காத்தை இழுக்கிற வரைக்கும் நிக்காது. வாய் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தா போதும். தண்ணி திரும்பி வராம தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கேன்னு நம்பாதீங்க. நாலு மாசத்துல அதுல ஒரு நத்தை உட்கார்ந்திருக்கும்.

கே: நுரையால அழுக்கைப் பிரிக்கிற ஸ்கிம்மர் கட்டாயமா?

சின்னத் தொட்டி, ரெண்டு மீன், மென்பவளம் (கல்லு மாதிரி கூடு கட்டாத பவளம்)னா வேண்டாம். வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துங்க. மீன் கூடினா வாங்குங்க.

கே: குழாய்த் தண்ணியில குளோரினை நீக்கற மருந்து விட்டா போதாதா?

குளோரின் போகும். பாஸ்பேட்டும் செம்பும் போகாது. செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

கே: பத்து வருஷமா நன்னீர் மீன் வளர்க்கிறேன். ரெண்டு டாம்செல் விட்டுத்தான் சைக்கிள் பண்ணப் போறேன். சாகாத மீன்தானே?

வேண்டாம். சைக்கிள்னா மீன் கழிவுல வர்ற அமோனியாவை மாத்துற பாக்டீரியாவைத் தொட்டியில வளர்க்கிறதுதான், அதை மீனே இல்லாம பண்ணலாம். கல் வைங்க, பாக்டீரியா விடுங்க, அமோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஏத்துங்க. அது 24 மணி நேரத்துல 0 ஆகி, அதுல இருந்து வர்ற நைட்ரைட்டும் 0 காட்டினா தொட்டி தயார். பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரம்.

கே: (அதே நன்னீர்க்காரர்) என் கையில ஒரு மீன்கூட சைக்கிள்ல செத்ததில்லையே. பயமுறுத்தாதீங்க.

பயமுறுத்தலை, கணக்கு சொல்றேன். அமோனியா தண்ணியில ரெண்டு வடிவமா இருக்கும், அதுல ஒண்ணுதான் கடுமையான விஷம். உங்க நன்னீர்த் தொட்டியில பிஎச் 7 பக்கம் இருந்தா, அந்த விஷப் பங்கு 1 சதவீதம்கூட வராது. கடல்நீர் 8.2. டெஸ்ட் கிட்ல அதே நிறம் வந்தாலும், இங்கே விஷம் பத்து மடங்குக்கு மேல். உங்க அனுபவம் பொய்யில்லை. வேற தண்ணியில வந்த அனுபவம்.

கே: (இன்னொருத்தர்) நான் டாம்செல் விட்டுத்தான் ஆரம்பிச்சேன், ரெண்டும் உசுரோட இருக்கு!

சந்தோஷம். அப்புறம் விட்ட மீன் எல்லாம் எப்படி இருக்கு?

கே: (அவரே) அதுங்களை ரெண்டும் துரத்தித் துரத்திக் கடிக்குது. எப்படிப் பிடிக்கிறது?

கல்லு மொத்தத்தையும் வெளியே எடுத்துத்தான் பிடிக்கணும். நன்னீர்க்காரரே, படிச்சீங்களா?

கே: கால்சியம் எவ்வளவு ஊத்தணும்?

அளந்தீங்களா? அளக்காம ஒரு சொட்டும் ஊத்தாதீங்க. கால்சியம் 420 பிபிஎம், அல்கலினிட்டி (காரத்தன்மை) 8 அல்லது 9 dKH, மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம். எண்ணை எட்டுறதைவிட அது ஆடாம இருக்கிறது முக்கியம். மென்பவளம் மட்டும்னா தண்ணி மாத்தறதே போதும்.

கே: தண்ணி குறையுது, உப்புத் தண்ணி ஊத்தலாமா?

முதல் பதில்.

கே: நூறு லிட்டர்ல நீல டேங் மீன் விடலாமா?

30 செ.மீ. வளரும். கூடாது.

கே: ரெண்டாவது மாசம் அனிமோன் வைக்கலாமா? கோமாளி மீன் பாவம்.

கோமாளிக்கு அது இல்லாமலே வாழத் தெரியும். அனிமோன் கல்லுல ஒட்டி வாழற உயிர், ஆனா இடம் விட்டு இடம் நகரும். புதுத் தொட்டியில இடம் பிடிக்காம அலைஞ்சு, அலை உண்டாக்குற வேவ்மேக்கர் பம்ப்ல மாட்டிக் கிழிஞ்சு, தொட்டியையே நாசம் பண்ணும். ஒரு வருஷம் போகட்டும்.

கே: தெரிஞ்சவர் பழைய கல் குடுத்தார், பழுப்பு நிறத்துல பொத்தான் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. கொதிக்க வச்சுச் சுத்தம் பண்ணிடவா?

அடுப்புல வைக்காதீங்க! பொத்தான் மாதிரின்னா பாலித்தோவாங்கிற பவளச் சொந்தக்கார உயிரா இருக்கலாம். அதுல பாலிடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கும். கொதிக்க வச்சா ஆவியோட வீடு முழுக்கப் பரவி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில சேர்ந்த குடும்பங்கள் உண்டு. வெந்நீர் ஊத்தறதும், பிரஷ் போட்டுத் தேய்க்கிறதும் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாம தொடாதீங்க. பழகினவர் யாராவது வந்து பார்க்கட்டும், இல்லேன்னா திருப்பிக் குடுத்துடுங்க.

கே: மீன் மேல வெள்ளைப் புள்ளி, என்ன மருந்து?

மீன் வைத்தியம் தெரிஞ்சவரைக் கேளுங்க. செம்பு மருந்தை மட்டும் பவளத் தொட்டியில ஊத்திடாதீங்க, தனித் தொட்டியில குடுங்க.

கே: ஆவியாகிற தண்ணிக்கு...

முதல் பதில்!

கே: நீங்க சொன்னபடி இப்பதான் பிளக்கைப் பிடுங்கினேன். சம்ப் வழிஞ்சு தரையெல்லாம் தண்ணி. என்ன பண்ண?

துடைச்சுட்டு, குழாய் வாயை மேலே தூக்குங்க. அப்புறம் மறுபடி பிடுங்குங்க.